புதிய பாடநூலுக்கு முன் ஒரு மதிப்பீட்டுக் குழு: தென்னாப்பிரிக்கத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் வகுப்புகளை நடத்திவரும் கோயில் அறங்காவலர்களுக்கும், தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், பள்ளிகளில் தமிழ்ப் பாடத்தைக் கவனிக்கும் கல்வி அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை நான். திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்து, திருமணமாகி இந்த ஊருக்கு வந்தவள். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வகுப்பை நடத்துகிறேன். நமக்கென்று ஒரு புதிய பாடநூல் வரிசையை நாமே எழுதி அச்சிட வேண்டும் என்ற பேச்சு நம் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் அச்சகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை இதுவரை நாம் செய்யவில்லை என்பதைச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன். ஏற்கெனவே உலகின் பல இடங்களில் எழுதப்பட்டு நம் கைக்கு எட்டும் தொலைவில் கிடக்கும் தமிழ்ப் பாடப்பொருள்களை, வகுப்பில் நின்று பாடம் நடத்தும் ஆசிரியர்களைக் கொண்டே ஆராய்ந்து, எது எந்தப் பிள்ளைக்கு, எந்த நிலையில், எதற்குப் பயன்படும் என்று எழுதிவைக்கும் குழு ஒன்றை அமைத்துத் தாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

வெள்ளிக்கிழமை இரவுகளில் நம் ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வேலையிலிருந்து வீடு திரும்பி, சமைத்து, பிள்ளைகளைப் படுக்க வைத்தபின், மறுநாள் வகுப்புக்கு என்ன கொண்டுபோவது என்று கைப்பேசியில் தேடத் தொடங்குகிறார்கள். தேடினால் கிடைக்காமல் இல்லை. எழுத்து அட்டைகள், வண்ணப் படங்கள், பாட்டுக் காணொளிகள், பயிற்சித்தாள்கள் என்று ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகின்றன. அவற்றில் எது சரி, எது தவறு, எது நம் பிள்ளைக்கு ஏற்றது என்று பிரித்துப் பார்க்க அந்த நேரத்தில் யாருக்கும் தெம்பு இருப்பதில்லை. பார்வைக்கு அழகாக இருப்பதை எடுத்துப் பத்து நகல் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறோம்.

அப்படி நான் எடுத்த ஓர் எழுத்து அட்டை செய்த கெடுதலை இங்கே சொல்ல வேண்டும். உயிரெழுத்துகள் பன்னிரண்டும் படங்களோடு அச்சிடப்பட்ட அட்டை அது; வண்ணம் கண்ணைப் பறித்தது. கடைசிக் கட்டத்தில் ‘ஔ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒ’ என்ற எழுத்தையும் அதன் பக்கத்தில் ‘ள’ என்ற முழு எழுத்தையும் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். கீழே ‘ஒளவை’ என்று எழுதி, ஒரு மூதாட்டியின் படம். தமிழிலேயே வளர்ந்த என் கண் அதை ‘ஔவை’ என்று தானாகத் திருத்திப் படித்துவிட்டது. நான் தவறைக் கவனிக்கவே இல்லை. மூன்றாம் வாரம், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று, ‘ஒ-ள-வை’ என்று மூன்று எழுத்தாக, அழுத்தந்திருத்தமாகப் படித்தாள். அவள் படித்ததில் ஒரு பிழையும் இல்லை. அட்டையில் இருந்ததை அப்படியே படித்தாள். அதைத் திருத்த இரண்டு வகுப்புகள் செலவாயின.

இரண்டு வகுப்பு என்றால் என்ன என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எங்கள் வகுப்பு வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். பள்ளி விடுமுறை, காவடி, ஆடி மாதக் கூழ் வார்ப்பு, தேர்வுக் காலம் எல்லாம் போக ஆண்டுக்கு நாற்பது சனிக்கிழமைகள் கிடைத்தால் பெரிது. ஆக, ஒரு பிள்ளைக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் தமிழ் 60 மணி நேரம். அதில் மூன்று மணி நேரத்தை ஒரே ஓர் அட்டை விழுங்கிவிட்டது. நாள்தோறும் தமிழ்ப் பாடவேளை உள்ள, வீட்டிலும் தெருவிலும் தமிழ் கேட்கிற நாட்டில் இந்த இழப்பு பெரிதில்லை. இங்கே அப்படி இல்லை.

மற்ற பாடங்களை நடத்தும் ஆசிரியர்களின் நிலையோடு நம் நிலையை ஒப்பிட்டுப் பாருங்கள். என் பக்கத்து வீட்டு அம்மையார் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறார். பதிப்பாளர்கள் அனுப்பும் நூல்களை மதிப்பீட்டாளர்கள் படித்துப் பார்த்து, தகுதி உள்ளவற்றைக் கல்வித்துறை ஒரு தேசியப் பட்டியலில் சேர்க்கிறது. அவருடைய பள்ளி அந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிறது. அதற்கு மேல் 2011 முதல் அரசே அச்சிட்டு வழங்கும் பயிற்சி ஏடுகளும் அவருக்கு உண்டு. அந்த ஏற்பாட்டில் குறைகள் இல்லாமல் இல்லை. 2012-இல் லிம்போப்போ மாகாணத்தில் பாடநூல்கள் பள்ளிகளுக்குப் போய்ச் சேராமல் வழக்கு நடந்ததும், ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் நூல் கிடைப்பது அடிப்படைக் கல்வி உரிமையின் பகுதி என்று 2015-இல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இந்த நாட்டில் எல்லோரும் அறிந்தவை. ஆனாலும் எந்த நூல் தரமானது என்று முடிவு செய்யும் சுமையை அந்தக் கணக்கு ஆசிரியையின் தலையில் மட்டும் யாரும் ஏற்றவில்லை. நம் ஆசிரியர்களின் தலையில் அது முழுவதும் ஏறியிருக்கிறது.

இங்கே தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள் என்பதையும், அவர்களில் பலர் தாமே பெரியவர்களான பின் தமிழ் கற்றவர்கள் என்பதையும் நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து வந்து டர்பனில் இறங்கிய முதல் ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த குடும்பங்களில், மூன்று நான்கு தலைமுறைக்குள் வீட்டுமொழி ஆங்கிலமாகிவிட்டது. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து, நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்று, இன்று பேரப்பிள்ளைகளின் வயதில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒருவரின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். வெருலத்தில் அப்படி ஓர் அக்கா இருக்கிறார். வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் அவரிடமிருந்து அழைப்பு வரும். ஒரு பயிற்சித்தாளைப் படம் எடுத்து அனுப்பி, “இதில் பிழை இருக்கிறதா, பார்த்துச் சொல்லம்மா” என்பார். சென்ற மாதம் அவர் அனுப்பிய தாளில் ‘மரம்கள்’, ‘படம்கள்’ என்று பன்மை போட்டிருந்தது. ஏதோ ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய தாள் அது. ‘மரங்கள்’ என்று மகரம் திரிந்து ஙகரமாகும் என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீ இல்லாவிட்டால் நாளைக்கு இதைத்தான் கரும்பலகையில் எழுதியிருப்பேன்” என்றார். அந்தக் குரலில் இருந்த வருத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. எத்தனை வகுப்புகளில் இப்படிக் கேட்டுச் சொல்ல ஆள் இல்லாமல் ‘மரம்கள்’ கரும்பலகைக்குப் போயிருக்கும்?

நூல்களே இல்லை என்பது நம் குறை அன்று. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் மண்டபத்து அலமாரி நனைந்து, இருந்த நூல்கள் எல்லாம் ஊறிப் பாழாயின. செய்தி அறிந்து அன்பர்கள் சிலர் பெட்டி பெட்டியாகத் தமிழ் நூல்களை அனுப்பிவைத்தார்கள். நன்றியோடுதான் திறந்தோம். ஒரு பெட்டி முழுக்க ஒன்பதாம் வகுப்பு இலக்கண நூல்கள். இன்னொன்றில் பெரியவர்களுக்கான சமயச் சொற்பொழிவுத் தொகுப்புகள். மூன்றாவதில் 1960-களிலும் 70-களிலும் அச்சான பழைய அரிச்சுவடிகள். அந்த அரிச்சுவடிகளைப் பார்த்து எங்கள் இளம் ஆசிரியை ஒருவர் மிகவும் மகிழ்ந்தார். படங்கள் அவ்வளவு அழகு. ஆனால் 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியதற்கு முந்தைய எழுத்துருவங்கள் அவற்றில் இருந்தன: னை, லை, ளை, ணை ஆகியவற்றுக்குத் துதிக்கை போட்ட வடிவம், ணா, றா, னா ஆகியவற்றுக்குக் காலைச் சுழித்து எழுதிய வடிவம். ஒரு வாரம் ‘யானை’ என்ற சொல்லைப் புது வடிவத்தில் எழுதிப் பழகிய பிள்ளைக்கு மறுவாரம் துதிக்கை வைத்த ‘னை’யைக் காட்டினால், தமிழில் 247 எழுத்து என்பதே பொய், இன்னும் எத்தனையோ இருக்கின்றன என்றுதான் அது நினைக்கும். பழைய நூல்களை எறிந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூத்த மாணவர்களுக்கு அவை பெரும் செல்வம். முதல் ஆண்டுப் பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தால் போதும். அந்த ஒரு வரியை எழுத நம்மிடம் யாரும் இல்லை.

நல்ல பாடப்பொருள்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். தமிழ்நாட்டு அரசின் பாடநூல்கள் 2018 முதல் புதுப்பிக்கப்பட்டு, விரைவுக் குறியீட்டைக் கைப்பேசியில் படித்தால் காணொளி வரும்படி அச்சாகியுள்ளன; இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகம், தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்பவர்களை மனத்தில் வைத்தே பாடங்களை உருவாக்கியது. அதன் மின்னூலகமும் பெரிது. சிங்கப்பூரின் பாடத்திட்டம், பேச்சுத்தமிழை வகுப்புக்குள் வெளிப்படையாகக் கொண்டுவந்து கற்பிக்கிறது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் படக்கதைகள் தமிழிலும் ஏராளமாக உண்டு; படிக்கும் திறனை ஒட்டி நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்காகவே எழுதப்பட்ட நூல் வரிசைகளும் இருக்கின்றன. இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றும் யாரோ ஒரு பிள்ளையை எண்ணி எழுதப்பட்டது. அந்தப் பிள்ளை யார் என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டு முதல் வகுப்பு நூல், தமிழ் பேசத் தெரிந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு உரியது. அந்தப் பிள்ளைக்கு ‘அணில்’ என்றால் என்னவென்று தெரியும்; எழுத்து மட்டுமே புதிது. நம் பிள்ளைக்கு எழுத்தும் புதிது, சொல்லும் புதிது, சில நேரம் அந்த விலங்குமே புதிது. ஆனால் நம் பிள்ளைக்குத் தெரிந்த தமிழ் ஒன்று உண்டு. அது சமையலறையிலும் கோயிலிலும் ஒளிந்திருக்கிறது. புட்டு, ரசம், கறிவேப்பிலை, கூழ், காவடி, விபூதி, தாத்தா, தண்ணி: இந்தச் சொற்களை அது தமிழ் என்று அறியாமலே நாள்தோறும் சொல்கிறது. ‘புட்டு’ என்ற சொல்லிலிருந்து தொடங்கினால் ‘பு’, ‘ட்’, ‘டு’ மூன்றையும் பத்து நிமிடத்தில் அது பிடித்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எழுத்துகளைப் பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தால், எந்தத் தமிழ்ச் சொல்லிலும் வராத ‘ஙௌ’வைக்கூட எழுதிப் பழகிய பின்னும் அது ஒரு சொல்லைப் படித்திருக்காது.

பருவகாலப் பாடங்களும் அப்படியே. சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தும் என்கிறது நூல். டர்பனில் அது இலையுதிர்காலம். பிள்ளைகள் காலையில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். மார்கழிக் குளிரில் கோலம் போட்டதாகப் பாடம். இங்கே மார்கழி கடற்கரைக்குப் போகிற கோடை விடுமுறை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வாழும் பிள்ளைக்கு இது ஓர் அருமையான பாடமாகவே ஆகலாம், ஆசிரியருக்கு முன்கூட்டியே ஒரு குறிப்பு இருந்தால். குறிப்பு இல்லாவிட்டால், நூல் பொய் சொல்கிறது என்றோ, தமிழ் வேறு எங்கோ இருப்பவர்களின் மொழி என்றோ பிள்ளை முடிவு கட்டிவிடும். இரண்டாவது முடிவுதான் எனக்கு அச்சம் தருகிறது.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கொடுக்கும் தாள்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. தேவாரம், திருப்புகழ் வகுப்புகளில் இந்த வழக்கம் ஊன்றிப்போயிருக்கிறது. முதியவர்கள் பாட அது உதவுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மொழிப்பாடத்துக்கு அது ஆகாது. வலை, வளை, வாழை மூன்றையும் ஒரே மாதிரி எழுதியிருந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு, மீன் பிடிப்பவர் வாழையை வீசினாரா என்று ஒரு பையன் என்னிடம் உண்மையாகவே கேட்டான்.

இனி, தரத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் எட்ரிப்போர்ட்ஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, 2015 முதல் பள்ளிப் பாடநூல்களைப் பற்றிய மதிப்பீடுகளை வெளியிட்டுவருகிறது. அதில் எனக்குப் பிடித்தது அதன் வேலைமுறை. மதிப்பிடுபவர்கள் வகுப்பறை அனுபவம் உள்ள கல்வியாளர்கள். சிறு குழுவாகச் சேர்ந்து, ஒவ்வொருவரும் முதலில் தனித்தனியே நூலைப் படித்து, ஒவ்வொரு கருத்துக்கும் நூலிலிருந்தே சான்று எடுத்துக் குறித்துக்கொண்டு, அதன் பின் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருகிறார்கள். பாடத்திட்டம் எதிர்பார்ப்பதை நூல் செய்கிறதா என்பது முதல் வாயில். அதைத் தாண்டாத நூலின் அழகையும் வசதியையும் பற்றி அவர்கள் மேற்கொண்டு ஆராய்வதில்லை. பதிப்பாளர் தம் மறுமொழியைத் தெரிவிக்கவும் இடம் உண்டு. லூசியானா மாநிலக் கல்வித்துறையும் ஆசிரியர்களைக் கொண்டு நூல்களை மூன்று அடுக்குகளாகத் தரம் பிரித்தது. அதோடு நிற்காமல், முதல் அடுக்கு நூல்களைப் பயன்படுத்துவதற்கான பயிற்சியையும் ஆசிரியர்களுக்கு ஏற்பாடு செய்தது.

இந்த முறையை அப்படியே தூக்கிவந்து நம் மண்டபத்தில் வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். காகிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய நூல் வகுப்பில் பிள்ளைக்குப் பயன்பட்டதா என்பதை அந்த மதிப்பெண் சொல்லாது என்ற குறையும் அதற்கு உண்டு. ஆகவே நம் குழு எதையும் வகுப்பில் நடத்திப் பார்க்காமல் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் அங்கிருந்து இரண்டை நாம் எடுத்துக்கொள்ளலாம்: ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்பவர் எந்தப் பக்கத்தில், எது நன்றாக இருக்கிறது என்று காட்ட வேண்டும், அடிப்படையில் தவறும் ஒன்றை வண்ணத்துக்காக மன்னிக்கக் கூடாது.

நான் என் வகுப்புக்கு எதையாவது தேர்ந்தெடுக்கும்போது இப்போது என்னென்ன பார்க்கிறேன் என்று சொல்கிறேன். குழு இதைத் திருத்திக்கொள்ளட்டும். முதலில் எழுத்தும் ஒற்றும். ‘தமிழ் பாடம்’ என்று ஒற்று விட்டு அட்டையில் போட்டிருக்கும் நூலின் உள்ளே என்ன இருக்கும் என்பதை ஊகித்துவிடலாம். அடுத்து, பாடம் முடிந்ததும் பிள்ளை எதைச் செய்யும் என்பது. ‘பழங்களைப் பற்றி அறிவர்’ என்பது எனக்குப் போதாது. கடைக்காரரிடம் ஐந்து பழங்களைப் பெயர் சொல்லிக் கேட்பார் என்று இருக்க வேண்டும். அதற்கும் அடுத்ததைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன், ஆனால் யாரும் பார்ப்பதில்லை: புதிய சொல் திரும்ப வருகிறதா? ஒரு நூலை எடுத்துக்கொண்டு பென்சிலால் எண்ணிப் பார்த்தேன். ஒரே பாடத்தில் 31 புதிய சொற்கள். அடுத்த மூன்று பாடங்களில் அவற்றுள் நான்கே மறுபடி வந்தன. மீதி 27 சொற்களும் ஒரு சனிக்கிழமை தோன்றி மறைந்துவிட்டன. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் தமிழைப் பார்க்கும் பிள்ளை, ஏழு நாள் இடைவெளியைத் தாண்டி ஒரு சொல்லை எப்படி எடுத்துவரும்? இதற்கு மாறாக, ஸ்டோரிவீவரின் முதல் நிலையில் உள்ள ஒரு சிறு படக்கதையில் ‘எங்கே?’ என்ற ஒரு சொல் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வந்தது. அதைப் படித்த வாரம் முழுவதும் வகுப்பில் பென்சில் எங்கே, தண்ணி எங்கே, தாத்தா எங்கே என்ற பேச்சுதான். அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களில் இருவர் அடுத்த வாரம் வந்து, வீட்டிலும் அது ஓடுகிறது என்றார்கள்.

எழுத்துத்தமிழும் பேச்சுத்தமிழும் பிரியும் இடத்தை நூல் எப்படிக் கையாள்கிறது என்பதையும் பார்க்கிறேன். ‘நான் பள்ளிக்குச் செல்கிறேன்’ என்று கற்றுக்கொண்டு போய்த் தாத்தாவிடம் சொன்னால் அவர் சிரிக்கிறார். பிள்ளை அதன் பின் வாய் திறப்பதில்லை. ‘போறேன்’ என்பது பேசும்போது, ‘போகிறேன்’ என்பது எழுதும்போது என்று நூலே சொல்லிக்கொடுத்தால் அந்தச் சங்கடம் இல்லை. ஒலிப்பதிவு இருந்தால் ழகரமும் ளகரமும் அதில் சரியாக ஒலிக்கின்றனவா என்று கேட்கிறேன். ஆசிரியர் கையேடு இருக்கிறதா, அது ஆங்கிலத்திலும் இருக்கிறதா என்பதை வெருலத்து அக்காவை நினைத்துக்கொண்டே பார்க்கிறேன். மின்சாரம் இல்லாத நாளிலும் பாடம் நடக்குமா என்று இந்த நாட்டில் கேட்காமல் இருக்க முடியாது. கடைசியாக உரிமை. இலவசமாகப் பதிவிறக்க முடிகிறது என்பதாலேயே மாற்றி அச்சிடும் உரிமை வந்துவிடாது. ஸ்டோரிவீவர் கதைகள் திறந்த உரிமத்தில் வருவதால், மூல ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட்டு நாம் அச்சிடலாம், மாற்றலாம். அரசுப் பாடநூல்களுக்கும் தனியார் பயிற்சித்தாள்களுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. இதைத் தெரியாமல் செய்து நாளை ஒரு தொண்டர் சங்கடத்தில் மாட்டக் கூடாது.

இதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்பீர்கள். ஒரு பாடநூல் வரிசையை எழுதி, ஓவியம் வரைந்து, அச்சிடும் செலவில் மிகச் சிறு பங்கே ஆகும். ஏழு பேர் போதும். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா ஆகிய இடங்களிலிருந்து ஒவ்வொருவர், தமிழ் இலக்கணம் ஆழ்ந்து கற்ற ஒருவர். அவர்களில் இருவராவது இங்கேயே பிறந்து, வளர்ந்த பின் தமிழ் கற்றவர்களாக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்; ஏனென்றால் எனக்குத் தெரியாத தடைகள் அவர்களுக்குத் தெரியும். ‘ஒளவை’யை நான் பார்க்கத் தவறினேன்; எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கும் ஒருவர் முதல் நாளே பிடித்திருப்பார். பயணச் செலவும், செலவிடும் நேரத்துக்கு ஒரு மதிப்பூதியமும் அவர்களுக்குக் கொடுங்கள். தொண்டு என்ற பெயரில் இதையும் அவர்களுடைய வெள்ளிக்கிழமை இரவுகளிலிருந்து பிடுங்காதீர்கள்.

முதல் ஆண்டில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். புதிதாக எழுத்துக் கற்கும் பிள்ளைகளுக்கான இருபது பாடப்பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதட்டும்: எங்கே கிடைக்கும், யாருக்கு, எந்தப் பக்கங்கள் நல்லவை, எந்தப் பக்கத்தில் எந்தப் பிழை, எதை விட்டுவிடலாம், வகுப்பில் நடத்தியபோது பிள்ளைகள் என்ன செய்தார்கள். தகுதி இல்லாதவற்றையும் காரணத்தோடு எழுத வேண்டும். அன்பளிப்பாக வந்தது, கொடுத்தவர் வருந்துவார் என்று மறைத்தால் பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள். கல்வி அலுவலர்களிடம் நான் கேட்பது, அரசின் கேப்ஸ் பாடத்திட்டம் ஒவ்வொரு நிலையிலும் தமிழ் மாணவரிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதை இந்தக் குழுவோடு உட்கார்ந்து விளக்க ஒருவரை அனுப்புங்கள் என்பது மட்டுமே. 1996 அரசியலமைப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, வளர்க்கப்பட்டு மதிக்கப்பட வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தச் சொற்களுக்கு ஒரு சனிக்கிழமை வகுப்பில் என்ன பொருள் என்று கேட்டால், ஆசிரியரின் கையில் இருக்கும் தாளில் பிழை இல்லாமல் இருப்பது என்றே நான் சொல்வேன்.

இருபது பொருள்களைப் பார்த்து முடித்த பின், நமக்கு உண்மையிலேயே எது இல்லை என்பது தெரிந்துவிடும். ஒருவேளை முழுப் பாடநூல் வரிசையே தேவைப்படலாம்; அப்படியானால் முதல் நன்கொடையாளர்களில் நானும் இருப்பேன். ஒருவேளை, டர்பன் பிள்ளைகளின் சமையலறைச் சொற்களிலிருந்து தொடங்கும் நாற்பது பக்க அரிச்சுவடி ஒன்றும், தென்கோளப் பருவங்களைச் சொல்லும் ஒரு சிறு நூலும், ஆங்கிலத்தில் ஓர் ஆசிரியர் கையேடும் மட்டுமே போதும் என்று தெரியவரலாம். இப்போது அது யாருக்கும் தெரியாது.

பள்ளி ஆண்டு சனவரியில் தொடங்குகிறது. கார்த்திகைத் தீபத்துக்குள் முதல் பட்டியல் ஆசிரியர்களின் கைக்கு வந்தால், விடுமுறையில் படித்துத் தயாராக அவர்களுக்கு நேரம் கிடைக்கும். பன்னிரண்டு ஆண்டுகளில் நான் பயன்படுத்திய தாள்களையும் அட்டைகளையும், எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகளோடு இரண்டு கோப்புகளில் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த ‘ஒளவை’ அட்டையும் அவற்றில் இருக்கிறது. குழுவின் முதல் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் அவற்றை எடுத்துக்கொண்டு வருகிறேன். வெருலத்து அக்காவும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆசிரியை